ஆறாம் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியவை

என் மருமகளுக்கு ஆறாம் மாதம் தொடங்கியபோது நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். மகன் போர்வெல் ரிக்கோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தான். பள்ளிபாளையத்துக்கு வெளியே உள்ள எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மருமகளும்தான். படித்தவன் ஒருவன் வீட்டில் இருக்கும்போது அவள் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

செல்போனில் படித்தவற்றைக் கட்டம் போட்டு முழுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். குழந்தை உதைப்பது நன்றாகத் தெரியும். அதற்கு விக்கல் வந்தால் வயிறு சீராகத் துடிக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். தோல் விரிவதால் வயிறு அரிக்கும். நெஞ்சு எரியும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வரலாம். மாலையில் பாதம் வீங்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட இடம் விட்டிருந்தேன்.

அவள் ஒன்றைச் சொல்வாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் டிக் போட்டு, "எதிர்பார்த்ததுதான் அம்மிணி" என்பேன். அவளும் நிம்மதியாகப் போய்விடுவாள்.

என் மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏனுங்க, நீங்க காலமெல்லாம் அறுத்தது தவளைங்க. இவ புள்ளத்தாச்சிங்க" என்றாள். இரண்டுமே முதுகெலும்புள்ள உயிர்கள்தான் என்று விளக்கினேன். அவள் குக்கரை அணைக்கப் போய்விட்டாள்.

அந்த மாதம் செக்கப்புக்குத் திருச்செங்கோட்டுக்கு நானே காரில் அழைத்துப் போனேன். டாக்டர் என்னிடம் படித்தவர். மருமகள் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் பட்டியலின் படத்தை அவரிடம் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

முழுவதும் படித்துவிட்டு அவர், "நல்லா இருக்குதுங்க சார். ஆனா வீக்கத்த ஒரே வரியில முடிச்சுட்டீங்க. கையும் மூஞ்சியும் வீங்குனா, தல வலிச்சா, கண்ணு மங்குனா, இந்தப் பேப்பரப் பாக்காதீங்க. அன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. வீட்டுக்கு வந்து அந்த வரியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. மருமகளிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து மோதிரம் இறுக்குகிறது என்றாள். எடை கூடுகிறது என்றேன். பிறகு தலைவலி வந்தது. பட்டியலில் தலைவலி இல்லை. தூக்கம் போதவில்லை என்று சொல்லி, கீழே புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதில் தலைவலி என்று எழுதி டிக் போட்டேன்.

ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு வைத்திருந்தோம். அதற்கு முந்தைய திங்கட்கிழமை அடுத்த செக்கப். விசேஷ வேலை இருக்கிறது, அது முடிந்ததும் அவள் அம்மா வீட்டார் கூட்டிப் போகட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தள்ளிப்போட்டேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. பந்தல்காரரும் சமையல்காரரும் தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த டாக்டர் முன்னால் மறுபடி போய் உட்கார எனக்கு மனம் இல்லை. காரணம் அவ்வளவுதான்.

வளைகாப்பன்று வளையல்கார அம்மாள் மணைக்கு எதிரே உட்கார்ந்து மருமகளின் கையைப் பிடித்தார். கல்யாணத்துக்கும் அவர்தான் வளையல் போட்டவர். கல்யாணத்தன்று போட்ட அளவு இப்போது ஏறவில்லை. அடுத்த அளவையும், பிறகு சோப்பு தடவியும் பார்த்தார். மோதிரம் எங்கே என்று கேட்டார். கழற்றிவிட்டதாக மருமகள் சொன்னாள். தலை வலிக்கிறதா என்று கேட்டார். பத்து நாளாக என்றாள். அவர் புறங்கையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

ஆறு, ஏழு மாதத்தில் கால் வீங்குவது சகஜம் என்று நாற்காலியில் இருந்தபடி நான் சொன்னேன்.

"கால நாஞ் சொல்லலீங்க வாத்தியாரே. கையப் பாருங்க, மூஞ்சியப் பாருங்க. எம்மவளுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு. வளையல் கெடக்குது, மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கன்னத்தில் பூசிய சந்தனத்தோடு அவளைக் காரில் ஏற்றினோம். நான்தான் ஓட்டினேன். வேகமாகவே ஓட்டினேன். ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், தாய், பிள்ளை இருவருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் அன்றே சொன்னேனே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பல வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, எட்டாம் மாதத்தில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருபத்தாறு நாள் இருந்தது. பிழைத்துவிட்டது.

சொந்தக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியைக்கூடப் பார்க்காமல் வாத்தியார் காரை எடுத்தாரே என்றார்கள். மகன் போனில் அழுதுகொண்டே நன்றி சொன்னான். இவற்றையெல்லாம் வாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது, அதை என் மடியில் படுக்க வைத்துவிட்டு மருமகள் சொன்னாள்: "நீங்க மட்டும் அன்னிக்கு ஒடனே கார எடுக்கலீன்னா நாங்க ரெண்டு பேரும் இல்லீங்க மாமா."

அதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. டாக்டர் சொன்னதையும், நான் மறைத்ததையும், திங்கட்கிழமையைத் தள்ளிப்போட்ட காரணத்தையும் வரிசையாகச் சொன்னேன்.

"டாக்டரு உங்ககிட்டச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னாங்க அம்மிணி."

அவள் குனிந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. சாப்பாடு வேளைக்கு வருகிறது. மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். மகனிடம் அவள் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்குச் சளி பிடித்தால் அவளும் என் மனைவியும் நேராக டாக்டருக்குப் போன் செய்துவிடுகிறார்கள். அதைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. குழந்தைக்கு அதுதான் நல்லது என்று நானும் நினைக்கிறேன்.