ஸ்டியரிங்கைப் பரிசாகக் கேட்ட மருமகள்

டாக்டரம்மாவின் அறையில் தொடங்கிய சிரிப்பு வீட்டுத் தெருமுனை வரை புருல்ச்சாவை விடவில்லை. ரொட்டிக்காரன் காரணம் தெரியாமலே தானும் சிரித்து வைத்தான். ஓஷ் நகரத்தில் டிராலி பஸ் ஓட்டுகிறவள், சீருடையைக்கூட மாற்றாமல் தெருவில் ஓடினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

கல்யாணமாகி ஐந்து வருடம் அவளைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். மாமியார் சூராகான் வசந்தம் தவறாமல் சுலைமான் மலைக்கு இழுத்துப்போய், பிள்ளை வரம் தரும் பாறையில் சறுக்கவிட்டாள். பாவாடை தேய்ந்ததுதான் மிச்சம். கணவனையும் சோதிக்க வேண்டும் என்று அந்தப் பாறையா சொல்லும்? புருல்ச்சாதான் சொன்னாள். தலாய்பெக் ஒரு குளிர்காலம் முழுக்க முறைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனான். மாத்திரை சாப்பிட்டான். இன்று பலன் தெரிந்துவிட்டது.

ஆனால் வீட்டில் எப்படிச் சொல்வது? மூத்த மருமகள் பள்ளிக்கூட ஆசிரியை. உண்டாகியிருக்கிறேன் என்று வாய்திறந்த அன்றே, ‘வீட்டோடு இரு’ என்றாள் சூராகான். மூன்று பிள்ளை பெற்றாகியும் மூத்தவள் திரும்பப் பள்ளிப் பக்கம் போகவில்லை. செய்தி வாயைவிட்டு வந்தால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போய்விடும். சொல்லாமல் இருந்தாலோ வயிறே சொல்லிவிடும்.

நல்ல சேதி கொண்டுவருகிறவர் ‘சுயுஞ்சு!’ என்று கத்தினால் பரிசு முதலில், சேதி அப்புறம். அதுதான் வழக்கம். தர மறுத்தவரைத் தெருவே கேலி செய்து தீர்த்துவிடும். இதுவரை மருமகளைக் கட்டிப்போட மட்டுமே வழக்கம் பேசிய வீட்டில், இன்று மருமகளே வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சுயுஞ்சு, அத்தை! சுயுஞ்சு!”

கிண்ணங்கள் பாதி வழியில் நின்றன.

“என்னடி, பசு கன்னு போட்டுடுச்சா?” என்றாள் சூராகான்.

“மாஸ்கோவுல இருந்து உங்க சின்னவன் வர்றானோ என்னவோ!” என்றாள் பக்கத்து வீட்டுத் துர்சுனாய்.

“பரிசு முதல்ல,” என்றாள் புருல்ச்சா.

மாமியார் வெள்ளித் தோட்டைக் கழற்றினாள். “இந்தா.”

“வேணாம்.”

“பட்டுத் தலைத்துணி?”

“வேணாம்.”

“ஆடு வேணுமா? பேராசக்காரி! சரி, நீயே கேளு. இத்தன பேரு சாட்சி, என்னால ஆனது எதுவானாலும் குடுத்தேன்.”

“என் ஸ்டியரிங்கக் குடுங்க.”

“அது எங்கிட்ட எங்கடி இருக்கு?”

“உங்ககிட்டதான் இருக்கு, அத்தை. என்ன ஆனாலும் வேலைய விடச் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.”

“அவ்வளவுதானா? சொல்லமாட்டேன், போ. சேதியச் சொல்லித் தொல!”

“நான் உண்டாயிருக்கேன்.”

ஒரு கிண்ணம் உருண்டது. ஒருத்தி கூவினாள், ஒருத்தி அழுதாள். சூராகான் பாய்ந்து வந்து மருமகளின் நெற்றியில் முத்தமிட்டாள். அடுத்த நொடி அவள் வயிற்றைத் தன் தலைத்துணியால் மூடினாள். “மெதுவா! கண்ணு பட்டுடும்!” என்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயையோ, ஏமாத்திட்டாளே! செல்லாது! புள்ள பொறந்தாத்தான் சுயுஞ்சு. கைக்கொழந்தைய விட்டுட்டு பஸ் ஓட்டுவியா நீ?”

“பேறுகால லீவு முடிஞ்சதும் ஓட்டுவேன். பகல்ல உங்க மகன் பாத்துக்குவாரு. அவரு டாக்ஸி சாயங்காலந்தானே?”

கெண்டியோடு வந்த தலாய்பெக் அப்படியே நின்றான். “நானா?”

“பின்ன? மாத்திர சாப்பிட்டது யாரு?”

“எந்த மாத்திர?” என்றாள் சூராகான்.

தலாய்பெக்கின் காது சிவந்தது. மழுப்பிவிடுவான் என்று நினைத்தாள் புருல்ச்சா. அவனோ கெண்டியைக் கீழே வைத்தான்.

“அம்மா, அந்தப் பாறையில நீ என்னத்தான் சறுக்கவிட்டிருக்கணும்.”

முதலில் வெடித்துச் சிரித்தது துர்சுனாய். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் புரையேறினார்கள் என்று தெரியவில்லை. சூராகான் மட்டும் சிரிக்கவில்லை. மருமகளையே பார்த்தாள்.

“அஞ்சு வருசம் உன்னத்தானேடி வஞ்சேன்…”

“ஆமா அத்தை.”

“குடுத்தது குடுத்ததுதான். நீ ஓட்டு. இவன் அசந்தா நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள். ஒரு காலில் தன்னுடையது, மறுகாலில் துர்சுனாயுடையது. கண்ணேறு பயத்தையெல்லாம் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு எதிர்வீட்டுக் கதவை இடித்தாள்.

“சுயுஞ்சு! மொதல்ல ஆட்ட அவுத்துவிடு! பஸ் ஓட்டுறாளே என் மருமக, அவளப் பத்தின சேதி!”