நாவல்மரக் காட்டின் இப்போதைய பெயர்

ஓசூரை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அதற்கு முன் சில ஆண்டுகள் நாளிதழ் நிருபராக இருந்தேன். எட்டாம் வகுப்புக்கு உள்ளூர் வரலாறு சொல்லித்தர வேண்டிவந்தபோது, ஊர்ப்பெயர்களோடு நிற்காமல் நிலங்களின் பெயர்களையும் எழுதிவரச் சொன்னேன். ஊரின் பெயர் பஸ் போர்டில் இருக்கிறது. நிலத்தின் பெயர் அதில் வேலை செய்கிறவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம்.

நோட்டில் நான்கு கட்டங்கள்: பழைய பெயர், சொன்னவர், இப்போது வழங்கும் பெயர், சொன்னவர். சொன்னவர் இல்லாத வரியை ஏற்கமாட்டேன் என்றேன். பத்திரிகை வேலையில் வந்த பழக்கம் அது.

"சார், இவங்க ஊருக்குப் பேரே கெடையாது. பஸ் டிரைவருங்க கம்பெனி மூணாவது கேட்டுன்னுதான் சொல்றாங்க," என்றான் ஒருவன், ஒரு பெண்ணைக் காட்டி.

"உங்க ஊருக்குப் பேரு இருக்கு, பஸ்ஸுதான் நிக்காது," என்றாள் இரண்டாம் பெஞ்சில் இருந்தவள்.

அவளுடைய அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். கெலவரப்பள்ளி வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம் அவர்களுக்கு ஒரு நிலம் உண்டு. அம்மா அதில் போர் தண்ணீரில் ராகியும் அவரையும் போடுகிறார். பத்திரம் அப்பா பெயரில். மனை போடுகிறவர்கள் வந்து வந்து கேட்டிருக்கிறார்கள். விற்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், அப்பாவும் சரி என்றிருக்கிறார். இதை அவளே வகுப்பில் சொன்னாள். வீட்டில் அந்த நிலத்தை நேரேடு சேனு என்கிறார்கள். தெலுங்கில் நாவல்மரக் காடு; இந்தப் பக்கம் காடு என்றால் விளைநிலம். அங்கே நாவல்மரம் எதையும் அவள் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து நோட்டுகளைத் திருத்தினேன். சரியான வரிகளைச் சார்ட்டில் எழுதி, பெற்றோர் கூட்டத்தன்று சுவரில் ஒட்டினோம்.

அவள் அம்மா பதினொரு மணிக்கு வந்தார். எனக்கென்று ஒரு பை அவரைக்காய் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மகள் எழுதிய சார்ட் எது என்று கேட்டார்.

"எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நீயே படி."

அவள் படித்தாள். "நேரேடு சேனு. சொன்னவர் அம்மா. இப்போது வழங்கும் பெயர், கார்டன் சிட்டி இரண்டாம் பகுதி. சொன்னவர் அப்பா."

"எப்போ சொன்னாரு?"

"போன வாரம். இனிமே அதான் பேரு, எழுதிக்கோன்னாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா."

பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் சிரித்தார். "குடுத்துட்டீங்களாக்கா? ஒரு வார்த்த சொல்லலியே. பக்கத்து நெலம், நாங்க கேட்டிருக்க மாட்டமா?"

அவள் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க இதப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேம்மா."

"பாத்துட்டுத்தான் ஒட்டுனீங்களா?"

"ஆமாம்."

தலையசைத்தார். அந்த வரியை நான் நோட்டிலேயே படித்து, சரி என்று சிவப்பு மையில் குறியிட்டிருந்தேன். சொன்னவர் என்ற கட்டம் நிரம்பியிருந்தது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

வராந்தாவுக்குப் போய்க் கணவருக்குப் போன் செய்தார். எனக்குத் தெரிந்த தெலுங்குக்கு, கையெழுத்துப் போட்டாயிற்றா என்று மட்டும் கேட்டதுபோல் இருந்தது. பதில் சீக்கிரம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்தார்.

"போன மாசமே பதிவாயிடுச்சாம்," என்றார். என்னிடம் சொன்னாரா, மகளிடம் சொன்னாரா தெரியவில்லை. பிறகு கேட்டார்: "வந்ததுக்குக் கையெழுத்துப் போடணும்னாங்களே, எங்க சார்?"

பதிவேட்டைக் காட்டினேன். தெலுங்கில் போட்டார். ஏழாவது வரிசை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ராகிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்ததாகவும் போய் மடை மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். போனார். இனி அந்தத் தண்ணீர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் வெள்ளை மையுடன் மேசைக்கு வந்தாள்.

"சார், அந்த வரிய அழிச்சிடட்டுமா?"

"அதில் தப்பு இருக்கா?"

சுவரில் இருந்த சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல சார். சரியாத்தான் இருக்கு."

"அப்போ இருக்கட்டும்."

பத்திரிகையிலும் அப்படித்தான். தவறான செய்திக்குத்தான் திருத்தம் போடுவோம். அவள் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அடுத்த பாடம் வரைபடக் குறியீடுகள். கரும்பலகையில் தலைப்பை எழுதினேன்.