கண்ணாடியில் தெரிந்த விளக்கு

கிள்ளான் சாலையோரம் காரை நிறுத்தியிருக்கிறேன்; இராணுவ லோரிகள் வரிசையாகப் போகின்றன. அப்பாவும் ஒரு காலத்தில் அப்படி ஓட்டியவர். "பின்னால வர்ற லோரிக்கு நாமதான் பொறுப்பு. கண்ணாடியில காணோம்னா நின்னுடணும்லா" என்பார்.

சிறுவயதில் ஒரு மதியம், ஜெஞ்சாரோம் ஊரிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளில் அவர் பின்னால் உட்கார்ந்து கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் வண்டியில் தொடர்ந்து வந்தான். அடைமழை. அப்பாவின் நனைந்த சட்டையில் டீசல் வாசம். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, "விளக்கு தெரியுது, வரான்" என்றார்.

கிள்ளானில் நாங்கள் நின்றபோது அந்த விளக்கு எங்களைக் கடந்து போனது. யாரோ ஒருவருடைய வண்டி. அண்ணன் வெகுதூரம் பின்னால், சாலையோரக் கால்வாயில் கிடந்தான்.

"விழுந்த பிறகும் ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கு" என்றார் டாக்டர்.

கடைசி லோரியும் போய்விட்டது. பக்கத்தில் அப்பா. என் காரில் ஏறியதும் தன் பக்கக் கண்ணாடியை மடக்கிவிடுவார். நான் அதை விரிப்பதில்லை.