பன்னிரண்டு மாதத்தில் ஒரு எம்.ஏ.

1. மூன்று பேர் வகுப்பு

அந்த ஜூன் மாதம் எம்.ஏ. முதலாண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "மேடம், பி.எட். சீட் கிடைச்சா நான் போயிருவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தூத்துக்குடியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க வந்து எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. துறைத்தலைவராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பிரின்சிபால் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. அவசரமான பேச்சென்றால் எனக்கு நின்றுகொண்டுதான் பேச வரும்.

"அடுத்த வருஷமும் இதே கதைன்னா கோர்ஸை மூடிருவோம் மேடம். பிள்ளைங்க பி.ஏ. முடிச்ச கையோட ஷிப்பிங் ஆபீஸ் வேலைக்குப் போயிருதுங்க. ரெண்டு வருஷம் யாரு காத்திருப்பா?"

"ஒரே வருஷத்துல குடுத்தா?"

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முடியுமா?"

"முடியும் சார்."

2. கட்டம் போட்டது

நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் பஸ். மடியில் ஒரு கிராஃப் நோட்டு. போகும்போது போட்ட டைம்டேபிளை வரும்போது அடிப்பேன். பி.ஏ. மூன்றாம் ஆண்டிலேயே எம்.ஏ.வின் நான்கு பேப்பர்களை எழுதிவிட வேண்டும். மீதியைப் பன்னிரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். கோர்ஸுக்குப் பெயர், அப்ளைடு எகனாமிக்ஸ். துறைமுகம், உப்பு, மீன் என்று ஊரில் இருக்கிற தொழிலை வைத்தே பாடம். நினைக்க நினைக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகமே வரும்.

எப்படிப் போட்டாலும் ஒரு செமஸ்டர் மிஞ்சியது. கடைசியில் ஃபீல்டு ஒர்க்கை வெட்டினேன். பழைய கோர்ஸில் அது ஒரு முழு வருடம். அதை நான்கு மாதமாக்கியதும் கட்டம் அழகாக உட்கார்ந்துவிட்டது.

புள்ளியியல் எடுக்கிற சுப்பையா சார் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"தியரிய எம்புட்டு வேணும்னாலும் நறுக்குங்க, நான் கேக்க மாட்டேன். பி.ஏ.ல நடத்துனதையே எம்.ஏ.லயும் நடத்திக்கிட்டு இருக்கோம். ஃபீல்டு ஒர்க்குல மட்டும் கை வைக்காதிய மேடம்."

"நாலு மாசம் போதும் சார்."

"எத வச்சுச் சொல்லுதிய?"

கட்டத்தில் இடம் அவ்வளவுதான் இருந்தது. அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டு நோட்டைக் காட்டினேன். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

பாடத்திட்டக் குழுவில் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கோர்ஸ் பாஸ் ஆனது. முதல் பேட்ச்சில் பதினெட்டு பேர் சேர்ந்தார்கள். பிரின்சிபால் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்.

3. ஏறுகிற கோடு

அந்தப் பதினெட்டு பேரில் ஜெனிட்டாவும் ஒருத்தி. கீழவைப்பாரிலிருந்து வருகிறவள், அப்பா கடல்தொழில். பேச்சு குறைவு, கணக்கு சுத்தம். ஒரு கப்பல் ஏஜென்சியில், எம்.ஏ. ரிசல்ட்டோடு அடுத்த ஜூனில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். இந்தக் கோர்ஸில் அவள் சேர்ந்ததே அதற்காகத்தான்.

ஃபீல்டு ஒர்க்குக்கு அவளைத் தங்கராஜ் அண்ணாச்சியிடம் அனுப்பினேன். அண்ணாச்சிக்கு உப்பளமும் உப்பு வியாபாரமும். பக்கத்து அளம் குத்தகைக்கு வருகிறது, எடுக்கலாமா வேண்டாமா என்பது அவருடைய கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவள் அங்கேயே இருந்து, எத்தனை லோடு போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று வாரவாரம் எடுத்தாள். நடுவில் ஒருநாள் வந்து கேட்டாள்.

"மேடம், முந்துன வருஷத்து விவரம் எல்லாம் காகிதமா மூட்டையில கெடக்கு. எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா ரெண்டு மாசம் ஆகும்."

"அவ்வளவு டைம் இல்லளா. கையில இருக்கத வச்சு முடி."

அக்டோபர் முதல் வாரம் அண்ணாச்சியின் ஆபீஸில் வைத்து ரிப்போர்ட். நானும் போயிருந்தேன், பெருமையாகத்தான். ஜெனிட்டா லேப்டாப்பைத் திறந்து கிராஃபைக் காட்டினாள். ஜூனில் கீழே தொடங்கிய கோடு வாரவாரம் ஏறி, செப்டம்பரில் உச்சிக்குப் போயிருந்தது. தேவை கூடிக்கொண்டே போகிறது, பக்கத்து அளத்தை எடுக்கலாம் என்றாள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

"நீ போன வாரம் இதச் சொன்னப்பவே அளத்துக்காரர்கிட்ட சரின்னு வாக்கு குடுத்துட்டேம்மா."

அப்போது பேச்சியம்மாள் உள்ளே வந்தார். அளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு அவர்தான் கங்காணி. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களை மூட வேண்டும், தார்ப்பாய் பத்தாது என்று சொல்ல வந்தவர். அண்ணாச்சியின் பதிலுக்காக நின்ற நேரத்தில் திரையைப் பார்த்தார்.

"அது என்னளா, ஏறிக்கிட்டே போகுது?"

"உப்புக்குத் தேவை கூடுதுக்கா. நாலு மாசத்துக் கணக்கு."

"மழைக்காலம் வருதுன்னா வாங்குதவன் முன்னாடியே வாங்கிப் போடத்தானே செய்வான்? வருஷா வருஷம் நடக்கதுதானே இது. பங்குனியில வந்து பாரு, லாரிய வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும்." அண்ணாச்சி பக்கம் திரும்பி, "இருவது தார்ப்பாயாவது வேணும் அண்ணாச்சி. நான் வாரேன், ஆளுக நிக்காவ" என்று போய்விட்டார்.

அவர் யாரையும் மட்டம் தட்டப் பேசவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. ஜெனிட்டா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பருவத்தில் வருகிற ஏற்றத்தை வளர்ச்சி என்று தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நானே எச்சரித்துச் சொல்கிற தப்பு அது.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. போனை எடுத்து எங்கள் முன்னாலேயே பக்கத்து அளத்துக்காரரைக் கூப்பிட்டார். "ஒரு தப்பு நடந்துபோச்சு, நான் குடுத்த வாக்க எடுத்துக்கிடுதேன்" என்றார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, தப்பு என் மேல. நாலு மாசம் போதும்னு சொன்னது நான்தான்."

"போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

4. டி.சி.

இரண்டு நாள் கழித்து ஜெனிட்டா டி.சி. கேட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.

"ஏளா, உன் மேல தப்பு இல்லன்னு அங்கேயே சொன்னேனே."

"சொன்னிய மேடம். ஆனா மூட்டையப் பிரிக்கட்டுமான்னு நான் வந்து கேட்டேன்லா? ஏன் அத வேண்டாம்னிய?"

சுப்பையா சார் அடுத்த மேஜையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார்.

"உன் கேள்விய நான் காதுலயே வாங்கல. எப்ப முடியும்ங்கிறதுதான் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றேன். என் மாணவி ஒருத்தியிடம் நான் அப்படி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் டி.சி. வாங்கவில்லை. மறு வாரமே தனியாக அண்ணாச்சியிடம் போய் அந்த மூட்டைகளைக் கேட்டிருக்கிறாள். அவரும் கொடுத்திருக்கிறார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஐந்து வருடத்து விவரத்தை ஏற்றினாள். மாசியில் பாத்தி கட்டுவதையும் பங்குனியில் உப்பு வாருவதையும் போய்ப் பார்த்தாள். டிசம்பரில் தீசிஸ் கொடுக்க வேண்டும் என்பது நான் எழுதிய விதி. அவள் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கு ரிசல்ட் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவளுக்கு வந்தது. ஏஜென்சிக்காரர்கள் ஜூனிலேயே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்டில், புது அளம் வேண்டாம், இருக்கிற உப்பை மழையில் காப்பாற்ற நிரந்தரக் கொட்டகை போடலாம் என்று எழுதியிருந்தாள். அண்ணாச்சி கொட்டகை போட்டார். எங்கள் பிள்ளைகளை மறுபடி அளத்துக்குள் விட அவருக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

நான் பிரின்சிபாலிடம் போனேன். ஃபீல்டு ஒர்க் ஒரு முழு வருடம் வேண்டும் என்றேன்.

"நோட்டீஸ் எல்லாம் அடிச்சாச்சு மேடம். ஒரு வருஷம்னு சொன்னதே நீங்கதானே?"

"கோர்ஸ் ஒரு வருஷம்தான் சார். பி.ஏ. மூணாம் வருஷம் தொடங்கும்போதே பிள்ளைங்க ஃபீல்டுக்குப் போயிரட்டும். வாரம் ஒருநாள் போதும். ரெண்டு தியரி பேப்பரை எடுத்துருவோம்."

அதில் ஒன்று நான் பதினைந்து வருடம் நடத்திய பேப்பர். நோட்ஸ் எல்லாம் மனப்பாடம். அதை வெட்டியபோது சுப்பையா சார்தான் சிவப்புப் பேனாவை நீட்டினார். இந்தத் தடவை பாடத்திட்டக் குழுவில் இரண்டு மணி நேரம் சண்டை. நடந்ததை ஒளிக்காமல் சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

ரிட்டயர் ஆன பிறகு மற்றக் கல்லூரிகளிலிருந்து இளம் ஆசிரியர்கள் வருகிறார்கள். குறுகிய கால எம்.ஏ. தொடங்க வேண்டும், டைம்டேபிள் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். போட்டுத் தருகிறேன். இப்போதும் எனக்கு அவசரம்தான், அது மாறாது. ஆனால் ஒன்று சொல்லித்தான் அனுப்புகிறேன். நாம் பேசுகிற நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், பிள்ளைகளுக்கு ஒரு நஷ்டமும் வராது. அவர்கள் போய்ப் பார்க்கிற நேரத்தைக் குறைத்தால், அதற்கான விலையை நாம் கொடுப்பதில்லை. ஜெனிட்டா போன்ற ஒருத்திதான் கொடுக்கிறாள்.