அனுப்புநர் முகவரியை நம்பியவன்

போன செவ்வாய்க்கிழமை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். இதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த கேட்டில் மாட்டாதவர் யார்? எஞ்சின் இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் வரும். நாம் வண்டியை ஆஃப் செய்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அன்று மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

பக்கத்து பைக்கில் இருந்தவர் என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். ரெயின்கோட் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க வாரா வாரம் எழுதறவர்தானே? படத்துல பாத்திருக்கேன்."

ஆமாம் என்றேன். கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன் — அதையும் சொல்லிவிட வேண்டும்.

"அந்த கம்ப்யூட்டர் சென்டரைப் பத்தி எழுதியிருந்தீங்களே... செம சார்! வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நீங்க பேரு போடல. ஆனா நாங்க கண்டுபிடிச்சுட்டோம்ல! இப்ப அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஆதார் கார்டைக் குடுக்கறதே இல்ல."

கேட் திறந்தது. அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிக்கும்வரை நான் அப்படியே நின்றேன். நான் போய்க்கொண்டிருந்ததே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கத்தான்.

மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் எழுதியதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறீர்களோ... மறந்திருந்தால் நல்லது. மறக்காதவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம், வாய்க்கால் பாலத்தை ஒட்டி ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர், உள்ளே மூன்று கம்ப்யூட்டர், வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் — அங்கிருந்து கிளம்பிய ஏதோ ஒரு விஷமம் மன்னார்குடி முழுக்க இன்டர்நெட்டை முடக்கியது என்று எழுதினேன். 'ஜெராக்ஸ் எடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் இன்டர்நெட் நடத்தினால் இப்படித்தான்' என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் அதிகம் பாராட்டு வந்தது. நானும் ரசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாட்களில் தஞ்சாவூரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை, நீடாமங்கலம், மன்னார்குடி என்று ஊருக்கு ஊர் எங்கள் ரூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பாக்கெட் வந்தால் — அதாவது நீங்கள் அனுப்பும் தகவலில் ஒரு துண்டு — அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு ரூட்டரும் தானே முடிவு செய்து அனுப்பும். இதுதான் பழைய வழக்கம்.

இந்த வருடம் புது ஏற்பாட்டுக்கு மாறினோம். செக்மென்ட் ரூட்டிங் என்று பெயர். இதில் போகிற வழி முழுவதையும் பாக்கெட்டின் தலையிலேயே எழுதி அனுப்பிவிடலாம். முதலில் நீடாமங்கலம், அடுத்து மன்னார்குடி, அப்புறம் இன்ன இடம். நடுவில் இருக்கும் ரூட்டர் எதிர்க்கேள்வி கேட்காது. எழுதியிருப்பதைப் படிக்கும், அனுப்பும்.

வசதிதான். ஆனால் வழியை எழுதும் உரிமை யாருக்கு? கண்டவர்களும் எழுதினால் என்ன ஆகும்? அதனால் எங்கள் ஆட்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். பாக்கெட்டில் இருக்கும் அனுப்புநர் முகவரி அந்தப் பட்டியலில் இருந்தால் சரி, இல்லையென்றால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

சோதனை ஓட்டத்துக்காகச் சில வாடிக்கையாளர்களையும் பட்டியலில் சேர்த்தோம். "எங்க சென்டர்ல வச்சுப் பாருங்க சார், பரவால்ல" என்று முதலில் முன்வந்தவர் அந்தச் சென்டரை நடத்தும் இந்தப் பெண்தான். பெரிய ஆபீஸ்கள் எல்லாம் யோசித்துச் சொல்கிறோம் என்றன. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். மன்னார்குடியிலிருந்து போன் மேல் போன். நெட் படுத்துவிட்டது. பார்த்தால், வண்டி வண்டியாக பாக்கெட்டுகள். தலையில் எழுதியிருந்த வழி என்ன தெரியுமா? நீடாமங்கலம், மன்னார்குடி, நீடாமங்கலம், மன்னார்குடி, நீடாமங்கலம், மன்னார்குடி... டவுன் பஸ் மாதிரி ஷட்டில் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பாக்கெட்டும் பல தடவை ஓடினால் பாதை என்ன ஆகும்?

அனுப்புநர் முகவரியைப் பார்த்தேன். அந்தச் சென்டர்.

லைனைத் துண்டித்தேன். பட்டியலில் இருந்தும் தூக்கினேன். அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். வரிசையைக் கவனியுங்கள். வெட்டினேன், பிறகு கேட்டேன்.

"எங்ககிட்டேருந்தா? எப்படி சார்? ஒம்போது மணியிலேருந்து ஊர்லயே கரண்ட் இல்ல. மாசாந்திர ஷட் டவுன், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். ஒரு சிஸ்டம்கூட ஆன்ல இல்ல."

"இன்வெர்ட்டர் இருக்கும்ல?"

"ஃபேனுக்கு மட்டும்தான் சார்."

"எங்க லாக்ல பதிவாகியிருக்கு, அது பொய் சொல்லாதும்மா" என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை வாழ்க்கையில் நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டியலில் இருந்து தூக்கியவுடன் பாக்கெட்டுகள் நின்றுவிட்டன. பார்த்தீர்களா, நான் சொன்னது சரி! மன்னார்குடி மூச்சுவிட்டது. நான் காபி குடித்தேன்.

அவர் அன்று என்ன செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏதோ ஒரு பரீட்சைக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். கரண்ட் வந்ததும் வாருங்கள் என்று ஏழு பேரிடம் சொல்லி வைத்திருந்தாராம். கரண்ட் வந்தது, லைன் வரவில்லை. ஏழு பேரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மன்னார்குடிக்கு ஓடி, வேறொரு சென்டரில் உட்கார வைத்து முடித்துக் கொடுத்திருக்கிறார்.

லைனைத் திரும்பக் கொடுக்க நான் ஒரு நிபந்தனை போட்டேன். 'இனி இதுபோல் நடக்காது' என்று கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர்.

"செய்யாததுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

போடவில்லை. நானும் கொடுக்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில்தான் அந்தப் பத்தியை எழுதினேன். பெயரை மட்டும் போடாமல் விட்டேன் — பெருந்தன்மையாம்!

பதினாறு நாள் இப்படியே போனது. அப்புறம் ஒரு காலையில், மயிலாடுதுறையைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ரஃபீக் கூப்பிட்டான்.

"சார், அந்த சென்டர் லைனை நாம இன்னும் குடுக்கலதானே?"

"இல்ல. ஏன்?"

"அதே அட்ரஸ்லேருந்து மறுபடி வருது சார். பட்டியல்ல இல்லாததால நம்ம ரூட்டர் தூக்கிப் போட்டுடுது. ஆனா வருது."

லைனே இல்லாத இடத்திலிருந்து பாக்கெட் எப்படி வரும்?

"எந்த வாசல் வழியா வருதுன்னு பாரு" என்றேன்.

"பாத்துட்டேன் சார். மயிலாடுதுறை. வெளி நெட்வொர்க்கோட நாம சேர்ற லிங்க்."

அனுப்புநர் முகவரி என்பது அனுப்புகிறவர் தானே எழுதிக்கொள்வது. கூரியர் கவரில் மூலையில் எழுதுகிறோமே, அதேதான். என் கவரில் உங்கள் முகவரியை நான் எழுதலாம், என்னை யார் தடுப்பது? அதனால்தான் வாசலில் ஒரு சரிபார்ப்பு வைப்பார்கள். இந்த முகவரிக்காரர் இந்த வாசல் வழியாக வரக்கூடியவர்தானா? நீடாமங்கலத்து ஆள் மயிலாடுதுறை வாசலில், அதுவும் வெளியிலிருந்து ஏன் வருகிறார்? ஒரே கேள்வி. கேட்டிருந்தால் அந்த பாக்கெட்டுகள் உள்ளேயே வந்திருக்காது.

ஏன் கேட்கவில்லை? சரிபார்ப்பு அணைந்து கிடந்தது. யார் அணைத்தது? ரூட்டரில் அதற்கும் பதிவு இருக்கிறது. பார்த்தேன்.

என் பெயர்.

ஆடிப்பெருக்கு சமயம். மயிலாடுதுறைப் பக்கம் பாதைகளை மாற்றியதில், பாக்கெட்டுகள் ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாக வரத் தொடங்கின. சரிபார்ப்பு குழம்பிப்போய் நல்ல பாக்கெட்டுகளையும் சேர்த்துத் தடுத்தது. வாடிக்கையாளர்கள் போனில் பிடித்துக் காய்ச்சினார்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்று அணைத்தேன். விதிகளைத் திருத்தி மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். ஆடி போனது, ஆவணி போனது, ஐப்பசி துலா ஸ்நானத்துக்கே கூட்டம் வந்துவிட்டது. நான் போடவில்லை. மறந்தேவிட்டேன்.

உண்மையில் அனுப்பியது யார்? இன்று வரை தெரியாது. தெரிந்ததெல்லாம் கதவைத் திறந்துவைத்தது யார் என்பதுதான்.

இதையும்விட என்னைக் குடைவது வேறொன்று. அன்று அந்த முகவரி தஞ்சாவூரில் ஒரு பெரிய காலேஜுடையதாக இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முதலில் போன் செய்திருப்பேன். "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்திருப்பேன். கரண்ட் இல்லை என்று பிரின்சிபால் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நம்பியிருப்பேன். கிராமம், வாய்க்கால் கரை, ஜெராக்ஸ் மெஷின், வயல் வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து எம்.சி.ஏ. படித்து வந்த பெண்... நான் முகவரியை மட்டுமா பார்த்தேன்?

அன்றே லைனைக் கொடுத்தோம். மன்னிப்பைப் போனில் சொல்லக் கூடாது என்று கிளம்பினேன். வழியில்தான் ரயில்வே கேட்.

சென்டரில் அவர் மட்டும்தான் இருந்தார். சம்பாவுக்குப் பயிர் இன்சூரன்ஸ் போடுகிற நேரம். மற்ற வருடங்களில் அந்த வாசலில் செருப்பு விட இடம் இருக்காதாம். அன்று என் செருப்பு மட்டும் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். ரூட்டர், வாசல், சரிபார்ப்பு, என் பெயர். அவர் ஜெராக்ஸ் பேப்பர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அப்போ யாரு வேணா என் அட்ரஸைப் போட்டு அனுப்பலாம். நீங்க வாசல்ல கேக்கல. அப்படித்தானே சார்?"

"ஆமாம்மா."

அப்போது பாலத்தின் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அறுபது வயது இருக்கும். பாலிதீன் பையில் நிலத்துக்கான சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார். படியில் கால் வைத்தவர், உள்ளே பார்த்துத் தயங்கினார்.

"இல்ல பாப்பா... நான் அப்பறம் வர்றேன்."

அவர் திரும்புவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "ஐயா, இவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் தப்பான பேச்சு. தப்பு பண்ணினது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு?"

"இன்டர்நெட் கம்பெனிலேருந்து வர்றேங்க."

"நீங்க சொன்னா நான் எப்படிங்க நம்பறது? உங்களை இந்தப் பக்கம் பாத்ததே இல்லையே."

அடையாள அட்டையை எடுக்கலாமா என்று பைக்குள் கைவிட்டேன். அதற்குள் அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பிக் கேட்டார்.

"யாரு பாப்பா இவரு?"

அந்தப் பெண் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எல்லா உரிமையும் இருந்தது.

"தெரிஞ்சவருதான் பெரியப்பா. உள்ள வாங்க."

பெரியப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். பையைப் பிரித்துக் காகிதங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ சாம்பிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்தால் தெரிந்துவிடுமே என்று துடைக்கவில்லை.

பெரியப்பா போன பிறகு கேட்டேன். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா."

"எழுதுங்க சார்."

"கண்டிப்பா எழுதறேன். உங்க பேரு வெளியில வராம..."

"அதான் வேணாங்கறேன்" என்றார். குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "பேரு போடாம எழுதினீங்க, ஊருக்கே தெரிஞ்சுது. இப்பவும் பேரு போடாம மன்னிப்புக் கேட்டா, அது எனக்குத்தான்னு யாருக்கு சார் தெரியும்?"

எழுதிவிட்டேன். அவர் பெயர் வி. ஜெயந்தி. ஊர் அரசடிமங்கலம். சென்டர் வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருக்கிறது, அங்கிருந்து ஒரு தப்பான பாக்கெட்டும் எப்போதும் கிளம்பியதில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

நான் சொன்னால் எப்படி நம்புவது என்று தோன்றினால், ஜெயந்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் — என்னைத் தெரியும் என்று இன்னமும் சொல்கிறார்.