நாற்பத்திரண்டாவது அட்டை

டாயில் ராட்லிஃபின் துப்பாக்கிக் கடையில் வெர்னா ஸ்டிடம் வேலைக்குச் சேர்ந்ததே அவனை ஒழித்துக்கட்டத்தான். அது அவளுக்கு மட்டுமே தெரியும். இவ்வளவு திருத்தமான கையெழுத்துள்ள ஒருத்தி இந்த மிசௌரி மலைப்பக்கத்தில் கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று மட்டும் டாயில் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெர்னாவின் தங்கை டார்லாவை, டார்லாவின் புருஷன் கென்னி ப்ரூயிட் ஒரு சனிக்கிழமை சுட்டுக் கொன்றான். அந்தக் கைத்துப்பாக்கியை இரண்டு நாள் முன்னால் டாயிலிடம்தான் வாங்கியிருந்தான். வாங்குகிறவன் படிவம் நிரப்ப வேண்டும், கடைக்காரன் அரசாங்க எண்ணுக்குப் போன் செய்து பெயரைச் சொல்ல வேண்டும். ‘கொடு’, ‘கொடுக்காதே’, ‘பொறு’ என்று மூன்றில் ஒரு பதில் வரும். பொறு என்று சொல்லி மூன்று வேலைநாள் கழிந்தும் முடிவு வராவிட்டால், அதற்கப்புறம் கொடுப்பதும் கொடுக்காததும் கடைக்காரன் இஷ்டம். கென்னிக்கு வந்தது பொறு. கெடு முடிந்ததும் கடையைத் திறந்த கையோடு டாயில் கொடுத்துவிட்டான். கொடுக்காதே என்ற பதில் திங்கட்கிழமை வந்தது. டார்லாவைப் பெட்டியில் வைக்கும்போது எந்த உடுப்பைப் போடுவது என்று வெர்னா அன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கென்னிக்கு ஆயுள் தண்டனை. டாயிலை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் சட்டப்படிதான் செய்திருக்கிறார் என்றார் வக்கீல். அந்த ‘சட்டப்படி’யை வெர்னா ஒரு வருஷம் மென்றுகொண்டிருந்தாள். பிறகு சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். ஆள் செத்ததற்காகப் போகாத துப்பாக்கிக் கடை உரிமம், படிவத்தில் ஒரு தேதி விட்டுப்போனால் போகும் என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே பக்கத்து மாவட்டத்துக்குப் போய் டாயிலிடம் வேலை கேட்டாள். குடும்பப் பெயர் வேறு என்பதால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

சேர்ந்த மாதமே, துப்பாக்கிக் கடைகளைச் சோதிக்கும் அரசாங்கப் பரிசோதகர் முன்பு எழுதிய எச்சரிக்கைக் கடிதம் இழுப்பறையில் கிடைத்தது. படிவம் நிரப்பிய நாள் ஒன்று, துப்பாக்கி கை மாறும் நாள் வேறொன்று என்றால், வாங்குகிறவன் இரண்டாவது தடவையும் கையெழுத்துப் போட வேண்டும்; டாயில் அதை வாங்க மறந்திருக்கிறான். இதே தவறு மறுபடி நடந்தால் உரிமம் ரத்து. வெர்னா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அவள் வீட்டில் சமையல் குறிப்பு அட்டைகள் போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்று இருந்தது. பீச் பழ அட்டைகளுக்குப் பின்னால் டாயிலின் தவறுகளைக் குறித்த அட்டைகள் சேர ஆரம்பித்தன. மாவட்டத்தின் பெயரை விட்டது ஒரு அட்டை, பெயரைச் சுருக்கி எழுதியது ஒரு அட்டை. பார்த்ததும் திருத்தச் சொல்லிக் கை துறுதுறுக்கும். திருத்தமாட்டாள். மூன்று வருஷத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தது. எல்லாம் சில்லறைத் தவறுகள். கடிதத்தில் இருந்த அந்த ஒரு தவறு மட்டும் மாட்டவில்லை.

மாட்டாததற்கு அவளே காரணம். பொறு என்று பதில் வந்த ஆட்கள் நாலாம் நாள் வந்து நிற்கும்போது, இன்னும் தகவல் வரவில்லை, வராமல் கொடுக்க முடியாது என்று பச்சையாகப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஒன்பது பேரை அப்படி அனுப்பியிருந்தாள். கை மாறினால்தானே டாயில் தப்பு செய்வான்? இது அவளுக்கே புரிந்தது. ஆனாலும் அந்த ஆட்கள் எதிரே வந்து நின்றால் வாய் தானாகப் பொய் சொல்லிவிடும்.

கடையின் மூலையில் காபிக் குடுவையைச் சுற்றி நாலைந்து கிழவர்கள் தினமும் உட்கார்ந்து, அரசாங்கம் துப்பாக்கிகளைப் பிடுங்கப்போகிறது என்று சண்டை போடுவார்கள். வெர்னா வாயைத் திறக்கமாட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து ஒவ்வொரு நவம்பரிலும் மான் அடிக்கிறவள் அவள். ஒருநாள் அவர்களில் ஒருவர் சீண்டினார்.

“என்ன அம்மணி, எந்தப் பக்கமும் பேச மாட்டேங்கிற. உனக்குத் துப்பாக்கி ஆகாதா, சட்டம் ஆகாதா?”

“ரெண்டும் ஆகும். ஆளுதான் ஆகாது.”

தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். டாயிலும் சிரித்தான்.

அந்த அக்டோபரில் பரிசோதகர் போன் செய்து, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். அதற்கு முந்தைய புதன்கிழமை வெர்னா பல் வைத்தியரிடம் போய்விட்டு மதியம் திரும்பினாள். டாயில் வெளியே போயிருந்தான். துப்பாக்கிகள் வருவதையும் போவதையும் எழுதும் பேரேட்டில் டாயிலின் கிறுக்கல் எழுத்தில் ஒரு வரி: காலை பதினொன்று பத்து, ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி, வேட் கோய். போன வாரம் பொறு என்று பதில் வந்த ஆள். படிவத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

மரத்துப்போன தாடையோடு அப்படியே நின்றாள். மூன்று வருஷமாக அவள் காத்திருந்தது அந்தக் காலி இடத்துக்காகத்தான். திங்கட்கிழமைவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், டாயிலின் கதை முடிந்தது. ஒரு புது அட்டையை எடுத்து மேலே நாற்பத்திரண்டு என்று எழுதினாள்.

அதற்குக் கீழே எழுத வரவில்லை. வேட் கோயின் மனைவி மிஸ்ஸி பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவள். போன வெள்ளிக்கிழமை அவள் மணிக்கட்டில் கட்டு இருந்தது. அடுப்புக் கதவு இடித்துவிட்டதாகச் சொன்னாள். டார்லா வீட்டிலும் கதவுகள்தான் இடித்துக்கொண்டிருந்தன.

இன்றைக்குப் புதன். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருக்கிறது.

போனில் வேட் கோயைக் கூப்பிட்டாள். கையெழுத்து ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அது இல்லாமல் துப்பாக்கி உங்களுடையது ஆகாது, அதில் பொறித்த எண்ணைச் சரிபார்க்க அதையும் எடுத்துவாருங்கள் என்று தேன் ஒழுகச் சொன்னாள். வேட் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எண்ணைப் பார்க்க வாங்கியவள், உள்ளே போய் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பணத்தோடு திரும்பினாள்.

“எங்கடி என் துப்பாக்கி?”

“பதில் வரட்டும், தர்றேன்.”

“மூணு நாள் தாண்டிடுச்சு. சட்டம் எனக்கும் தெரியும்.”

“தெரியும்ல? அப்ப கொடுக்காம இருக்கவும் கடைக்கு உரிமை இருக்குன்னு தெரிஞ்சிருக்குமே.”

அவன் மேசையில் ஓங்கிக் குத்தினான். காபி மூலையில் கிழவர்கள் எழுந்து நின்றார்கள். அவன் பணத்தை அள்ளிக்கொண்டு போனபின், வெர்னா மிஸ்ஸிக்குப் போன் செய்து, இன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விடச் சொன்னாள். பிறகு பேரேட்டை இழுத்து, டாயிலின் வரிக்குக் கீழே மணிமணியான எழுத்தில் எழுதினாள்: திரும்பி வந்தது, பிற்பகல் இரண்டு நாற்பது. நாலு மணிக்கு அரசாங்க எண்ணிலிருந்து பதில் வந்தது. கொடுக்காதே.

டாயில் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்தான்.

“நல்லவேளை, என்னைக் காப்பாத்தினே வெர்னா. இந்தக் கடையையே காப்பாத்திட்டே.”

மூன்று வருஷத்தில் அவன் சொன்ன எதுவும் அவளை இப்படிச் சுட்டதில்லை.

“அந்தப் படிவத்தை அடுப்புல போட்டுடு. பேரேட்டுல ரெண்டு வரிதானே, அந்தத் தாளையும் கிழிச்சிடு. துப்பாக்கி வெளிய போகவே இல்ல. திங்கக்கிழமை அந்தாளு என்னத்தைப் பார்க்கப்போறான்?”

வெர்னா பின்னறைக்குப் போனாள். பழைய படிவங்களை இருபது வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். எந்த அலமாரி, எந்தக் கட்டு என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கென்னி ப்ரூயிட்டின் படிவத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

டாயில் கண்ணாடி போட்டுப் படித்தான். “கையெழுத்து, தேதி எல்லாம் சரியாத்தானே இருக்கு. இதுல என்ன தப்பு?”

“ஒண்ணுமில்ல. இவன் அந்த சனிக்கிழமை என்ன பண்ணினான், ஞாபகம் இருக்கா?”

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. “இது... பொண்டாட்டியச் சுட்டவனா? யாரோ ஒரு பொண்ணு. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவ பேரு என்னவோ...”

“என் தங்கச்சி. தாளைக் கிழிக்க மாட்டேன். திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் வந்துடுவேன், நீயும் வந்துடு.”

அவள் அவனை ‘நீ’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மாலை பேரேட்டையும் படிவத்தையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்படி எடுத்துப்போவது தப்பு என்று தெரிந்தே எடுத்துப்போனாள்.

திங்கட்கிழமை பரிசோதகர் அந்த இரண்டு வரிகளையும், காலி இடத்தையும், நாற்பத்தொரு அட்டைகளையும் நிதானமாகப் படித்தார். பேரேடு கடையைவிட்டு வெளியே போனதற்கு அவளையும் கடிந்துகொண்டார். அடுத்த கோடையில் டாயிலின் உரிமம் போனது. ஊரில் பாதிப்பேர் அவளைத் துரோகி என்றார்கள். தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்து, சட்டத்தைக் கடுமையாக்கக் கேட்கும் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். வெர்னா அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள். அந்த நவம்பரிலும் மான் அடித்தாள்.

உரிமம் போனதைவிட அவளுக்கு நிறைவாக இருந்தது வேறொன்று. அந்தத் திங்கட்கிழமை பரிசோதகர் காருக்குப் போனதும், நாற்பத்திரண்டு என்று மட்டும் எழுதியிருந்த அட்டையையும் பேனாவையும் டாயிலின் பக்கம் தள்ளினாள்.

“அவ பேரை எழுது.”

“தெரியலன்னு சொன்னேனே வெர்னா.”

“சொல்றேன், எழுது. டார்லா ஜூன் ப்ரூயிட்.”

அவன் டி. ப்ரூயிட் என்று கிறுக்கினான். வெர்னா அதைப் பார்த்தாள். கோடு போட்டு அடித்தாள்.

“முழுப் பேரு. சுருக்கக் கூடாது. படிக்கிற மாதிரி எழுது.”

அவன் மறுபடி எழுதத் தொடங்கினான். ஒவ்வொரு எழுத்தாக அவன் எழுதி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே பார்த்தாள்.