பேர் சொல்லாமல் வைத்த ஜெபக்குறிப்பு

ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் கெடுத்தேன். ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கெடுத்தேன். பழியை இன்னொருத்தி சுமந்தாள். அவள் சாகும்வரை நான் வாய் திறக்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. தாராபுரத்துப் பக்கம் எட்டாம் வகுப்போடு நின்றது. கல்யாணமாகித் திருப்பூர் வந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற உருப்படியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்கவேண்டும்.

பிசாசின் சோதனைக்கு நான் இடங்கொடுத்து வாழ்ந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். கழித்துப் போட்ட துணியைப் பலரும் புடவைக்குள் சொருகிக்கொண்டு போவார்கள். நான் ஒரு துண்டு தொட்டதில்லை. ஷிப்மெண்ட் அவசரம், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரட்டைச் சம்பளம் என்று வீட்டுக்கே ஆள் அனுப்புவார்கள். போனதில்லை. பிசாசு வருகிற வழியெல்லாம் எனக்குத் தெரியும் என்று இருந்தேன்... ஜெபக்கூட்டத்து வழியாக வருவான் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

பியூலா என் பக்கத்து மேஜையில் பிசிறு வெட்டுகிறவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இல்லை. செல்லத்தாய் என்கிற அவள் சித்தி, விதவை, அவளைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்திருந்தாள். இருவரும் எங்கள் சபைதான். அதே சபையில் சாராளக்கா என்று ஒருவர். அவர் மகன் கட்டிங் மாஸ்டர், நல்ல பையன். அவனுக்குத்தான் பியூலாவைப் பேசி முடித்திருந்தார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஆராதனையில் படிப்பார். முதல் ஓலை வாசித்தாயிற்று.

அந்த வாரம்தான், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பியூலா டிபன் மூடிக்குக் கீழே மறைத்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கியதை நான் பார்த்தேன். என்னவென்று கேட்டேன். முதலில் தலைவலி என்றாள். பிறகு கண் கலங்கிவிட்டது.

"வலிப்புக்கா. சின்னதுல இருந்தே உண்டு. மாத்திர போட்டா வராது. இங்கன வந்தப்புறம் ஒருக்கா கூட வரல. சித்திக்கு மட்டும்தான் தெரியும்."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா கண்ணு?"

"இல்லக்கா. சித்தி சொல்ல வேண்டாங்காவ. எனக்கு மனசு கேக்கல. சனிக்கெழம சாயங்காலம் அவர வரச் சொல்லிருக்கேன். ரெண்டாம் ஓலைக்கு முன்னால நானே என் வாயால சொல்லிருதேன். வேண்டாம்னா அவர் வேண்டாம்னு சொல்லிட்டுப் போட்டும். எனக்குத் தைரியம் வேணும்னு ஜெபம் பண்ணுங்கக்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் விட்டதும் பெண்கள் ஜெபக்கூட்டம், அதை நடத்துகிற ரூத்தம்மா வீட்டில். பியூலாவும் அவள் சித்தியும் அன்று வரவில்லை. முடியப்போகிற நேரத்தில் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வார்கள். எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள்.

என் குறிப்பு என்றைக்கும் ஒன்றேதான். வீட்டுக்காரருக்கு நிலையான வேலை. நான் சொல்லி முடிக்குமுன்பே பக்கத்தில் இருப்பவள் குழந்தைக்குத் தலை கோதத் தொடங்கிவிடுவாள். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு அம்மா தன் மகனின் குடியைப் பற்றிச் சொன்னார். அறையே அழுதது. ரூத்தம்மா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். அடுத்தது என் முறை.

உள்ளே ஏதோ ஒன்று, வேண்டாம் என்றது. தெளிவாகவே சொன்னது. பிற்பாடு நான் அதைக் கேட்கவில்லை என்று எனக்கே சாதித்துப் பார்த்திருக்கிறேன்... கேட்டேன்.

"பேரு வேண்டாமுங்க" என்று ஆரம்பித்தேன். "நம்ம சபையில ஒரு தங்கச்சி. கல்யாணம் கூடியிருக்குது. சின்னதுல இருந்தே வலிப்பு. இன்னும் மாப்பிள்ள ஊட்டுல சொல்லலீங்க. அதுக்காக ஜெபிச்சுக்கோணும்."

ஜெபிக்கத்தானே சொன்னேன்? அப்படியென்றால் ஏன் குரலைத் தாழ்த்தினேன்? தாழ்ந்த குரலுக்கு எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாய்ந்தார்கள். அந்த ஒரு நிமிஷம்... எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது.

பேர் சொல்லவில்லை, உண்மைதான். போன ஞாயிறு ஓலை வாசித்தது ஒரே ஒரு பெண்ணுக்கு. அந்த அறையில் இருந்த எல்லாரும் அதைக் காதால் கேட்டவர்கள்.

சாராளக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் இருந்ததை நான் பார்த்தேனா? பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

ரூத்தம்மா கண்ணை மூடி ஜெபித்தார். நான் ஆமென் சொல்லி நிமிர்ந்தபோது ஜன்னலோரத்தில் ஆள் இல்லை.

சனிக்கிழமை அந்தப் பையன் வரவில்லை. ஓவர்டைம் இருந்திருக்கும் என்று பியூலா தேற்றிக்கொண்டாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சேலை கட்டி, பூ வைத்து, என் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். போதகர் அறிவிப்புகளைப் படித்தார். பெண்கள் ஐக்கியக் கூடுகை, வாலிபர் கூட்டம், தசமபாகம்... அடுத்து ஓலை வரவேண்டும். அவள் தலை குனிந்து, சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

பியூலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தில் எண்ணைத் தேடினேன்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் சாராளக்கா பியூலாவையும் சித்தியையும் மறித்தார்.

"ஏனுங்க, நோயை மறைச்சு எங்க பையன் தலையில கட்டப் பாத்தீங்களா? அதுவும் சர்ச்சுல ஓலை வாசிக்க வெச்சு?"

"இல்ல அத்த, நேத்து அவர்ட்ட சொல்லத்தான் நின்னுட்டு இருந்தேன்."

"மாட்டிக்கிட்டா அல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க கண்ணு."

நோய்க்காகக் கல்யாணம் நின்றிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். தன் வாயால் சொல்லி, அவன் வேண்டாம் என்றிருந்தாலும் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள். ஒருவேளை அந்தப் பையன் சரி என்றுகூடச் சொல்லியிருப்பான்... யாருக்குத் தெரியும்? உண்மை சொல்ல நின்ற பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"சித்திதான்க்கா. வேற யாருக்குத் தெரியும்? நான் கட்டிட்டுப் போயிட்டா அவளுக்குச் சம்பளம் கொண்டுவந்து குடுக்க ஆளில்ல. அதான் கெடுத்துட்டா."

"அப்படியெல்லாம் நெனைக்காத கண்ணு."

"உங்கள்ட்டயும் சொன்னேன்தான். நீங்க செய்ய மாட்டிய. அது எனக்குத் தெரியும்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். இந்தக் காரியத்தைச் செய்தவர்களை மன்னியும் ஆண்டவரே என்று கேட்டேன். எனக்கு வேண்டிய மன்னிப்பை அவள் வாயாலேயே கேட்க வைத்தேன். அவள் அழுதுகொண்டே ஆமென் என்றாள்.

ரூத்தம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "உடு சாமி. நீ பேரு சொன்னயா? செபத்துக்குத்தான சொன்ன. கூட்டத்துல பேசறது வெளிய போகாது, நாம் பாத்துக்கறேன்" என்றார். போகவும் இல்லை. பியூலாவின் ரகசியத்தை ஒரு நாள்கூடக் காக்காத அந்த அறை என் ரகசியத்தை இத்தனை வருஷம் காத்துவிட்டது.

பியூலா சித்தி வீட்டை விட்டுப் போனாள். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, வேலை செய்யும் பெண்களோடு அறை எடுத்துத் தங்கினாள். அதன்பின் வந்த வரன்களை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். செல்லத்தாய் பலமுறை போய்க் கூப்பிட்டாள். பியூலா கதவுக்கு வெளியே வந்ததில்லை.

சில வருஷங்களில் செல்லத்தாய் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன்... குற்றவாளிக்கும் வெறுங்கையோடு போகக் கூச்சமாகத்தானே இருக்கிறது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, நான் சொல்லல. சொல்ல வேண்டாம்னு அவள தடுத்ததே நான்தான். நான் போயி சொல்லுவனா? நீயாவது நம்புதியா?"

"நம்பறேனுங்க" என்றேன்.

அவள் முகம் எப்படித் தெளிந்தது என்று நான் எழுதப்போவதில்லை. "நீ ஒருத்தியாவது நம்புதியே" என்று என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம்புகிறேன் என்றா சொல்லவேண்டும்? எனக்குத் தெரியும் என்றல்லவா சொல்லவேண்டும்!

அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் பியூலா வந்தாள். கல்லறைக் குழியில் எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். அவள் மண்ணை அள்ளிக்கொண்டு போடாமல் நின்றாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"சாவுற வரைக்கும் ஒத்துக்கவே இல்லியேக்கா. ஒரு வார்த்த ஒத்துக்கிட்டிருந்தா நான் வந்திருப்பேனே."

"கண்ணு..." என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

"வெயில் ஏறுது. தலைக்கு முந்தானையப் போட்டுக்க" என்றேன்.

சொன்னபடி போட்டுக்கொண்டாள். நான் எது சொன்னாலும் கேட்பாள் அந்தப் பெண்... இன்றைக்குப் போய்ச் சொன்னாலும் கேட்பாள்.